காலி நாற்காலியின் முன்னால் ஒரு தேர்வு

பங்குக் கோவில் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகத் துடைப்பம் பிடித்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மிளகாய்'. சேற்றுக் காலோடு வகுப்பில் நுழைந்தால் பங்குத்தந்தையைக்கூட விடமாட்டாள். "சாமி, மோட்சத்துக்குப் போறப்பவாவது காலைத் துடைச்சிட்டுப் போங்க" என்று ஒருமுறை அவரையே வாசலில் நிறுத்தியிருக்கிறாள். கணவன் இறந்த பிறகு அந்தக் கோபம்தான் அவளுக்கும் மகளுக்கும் வீட்டுக் கதவாகவும் தாழ்ப்பாளாகவும் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மிளகாய் வாயைத் திறந்ததில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஆயர், அதாவது பிஷப், நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் பெறுவதற்கு முன், மறைக்கல்வி என்ற வேதபாடத் தேர்வு எழுதவேண்டும். அதற்குக் கண்காணிப்பாளர் கிடையாது. அதுதான் பள்ளியின் பெருமை. முன்னால் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "இதுல ஆண்டவர் உட்கார்ந்திருக்கார், அவர் பாத்துக்குவார்" என்று சொல்லி, டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். நாற்பது மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தால் அந்த ஆண்டு உறுதிபூசுதல் இல்லை. அப்படி யாரும் எடுத்ததும் இல்லை.

தேர்வு முடிந்ததும் அறையைக் கூட்டுவது அவள். பெஞ்சுக்கு அடியிலும் ஜன்னல் இடுக்கிலும் சுருட்டிய சீட்டுகள் கிடக்கும். 'களவு செய்யாதிருப்பாயாக' என்று எழுதிய சீட்டைக்கூடக் கூட்டியிருக்கிறாள். பள்ளியின் பெயர் கெடக்கூடாதென்று எல்லாவற்றையும் அள்ளிப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவாள்.

இந்த ஆண்டு 'அ' பிரிவில் அவள் மகள் எழுதினாள். முப்பத்தொரு மதிப்பெண். மற்ற எல்லோரும் தொண்ணூறுக்கு மேல்.

"ஏண்டி, உன் தலையில என்ன களிமண்ணா?"

"நான் சீட்டு கொண்டு போகலம்மா."

"ஊரே கொண்டு போகுது, உனக்கு மட்டும் என்னடி கேடு?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதற்குப் பிறகுதான் தான் சொன்ன சொல் அவள் காதுக்கே எட்டியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளின் கண்ணில் நீர் இல்லை. தாயின் கண்ணில்தான் பொத்துக்கொண்டு வந்தது. பாவி, யாரை அடித்தேன்! எதற்காக அடித்தேன்!

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையான சிஸ்டரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். மறைக்கல்வி டீச்சரும் அங்கே இருந்தார். சீட்டு விவரத்தை அவள் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் சிரித்தார்.

"பதினாலு வருஷமா கிடைக்காத சீட்டு, பொண்ணு ஃபெயிலானதும் கிடைச்சிடுச்சாக்கும்?"

"வருஷா வருஷம் கிடைச்சுது டீச்சர். கொளுத்தினது நான்தான். நானும் கூட்டுக்களவாணி, எழுதிக்கோங்க."

சிஸ்டர் கையை உயர்த்தினார். "ஆதாரம் இல்லாம பிள்ளைங்க மேல பழி போடாதம்மா. உன் பொண்ணு உறுதிபூசுதல் வரிசையில நிக்கணும், அவ்வளவுதானே? ஒன்பது மார்க் கருணையா போடச் சொல்றேன்."

"கருணையா?" அவள் குரல் நடைபாதைவரை கேட்டது. "முப்பத்தொண்ணு என் பொண்ணு உழைச்சு வாங்கினது. அதுமேல உங்க பிச்சையை ஒட்டவைக்காதீங்க!"

அன்று பிற்பகல் 'ஆ' பிரிவுக்குத் தேர்வு. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியேறியதும் அவள் துடைப்பத்தைத் தொடவில்லை. வாசலை மறித்து நின்றுகொண்டு சிஸ்டருக்கு ஆள் அனுப்பினாள். சிஸ்டர் வந்தார். பின்னாலேயே டீச்சரும் வந்தார்.

"இன்னிக்கு நான் கூட்டமாட்டேன் சிஸ்டர். ஆதாரம் கேட்டீங்களே, குனிஞ்சு எடுங்க."

"யார்கிட்டப் பேசுறோம்னு தெரியுதா?" என்று டீச்சர் சீறினார். பிறகு தானே குனியப் போனார். சிஸ்டர் அவரைத் தடுத்தார். வெள்ளை அங்கி தரையில் புரள, ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். இன்னொன்றை எடுத்தார். பெஞ்சு பெஞ்சாக முழங்காலிட்டு எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"சனிக்கிழமை ரெண்டு பிரிவும் திரும்ப எழுதணும்" என்றார். "நானே கூட இருப்பேன்."

"இத்தனை வருஷமா எழுதிட்டுப் போன பிள்ளைங்க?" என்று கேட்டாள் அவள்.

சிஸ்டர் சீட்டுகளை அங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினார். மிளகாய் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "உங்கம்மா காட்டிக்கொடுத்துட்டாங்கன்னு யாரும் என்கூடப் பேசலம்மா."

"ரொம்ப நல்லது. வாயாடற நேரம் மிச்சம். எடுடி புத்தகத்தை! பத்துக் கட்டளையில நாலாவது எது? தாயை மதிக்கிறதுதானே? அப்ப எதிர்த்துப் பேசாம படி!"

படித்தாள். சனிக்கிழமை நாற்பத்தாறு வாங்கினாள். இரண்டு பிரிவிலும் பாதிப்பேருக்கு மேல் நாற்பதைத் தொடவில்லை.

உறுதிபூசுதல் அன்று கோவிலில் வரிசை சின்னதாக இருந்தது. கடைசி பெஞ்சில் நின்ற மிளகாயின் காதருகே ஒரு பெண் பல்லைக் கடித்தாள். "உன்னாலதான்டி என் பையன் இந்த வருஷம் அங்க நிக்கல."

"என்னாலயா? வீட்டுக்குப் போய் உன் பையனைக் கேளு. உண்மையைச் சொன்னான்னா அடுத்த வருஷம் அவனே நிப்பான்."

ஆயர் எண்ணெய் தொட்ட விரலோடு மகளின் அருகே வந்தார். மகள் கூச்சத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கண்ணீர் ஒழுகும் முகத்தோடு, பல் இடுக்கில், தாய் திட்டினாள்:

"நிமிர்ந்து நில்லுடி. உனக்கென்ன, நெத்தியைக் காட்டு!"