கொண்டை ஊசி வளைவில் நின்ற பஸ்

என் மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் காலை பஸ்ஸில் நடந்தது இது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் விறைப்பு. வாராவாரம் சேலத்தில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவேன். காலை நீட்டி மடக்குவார்கள், கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்வார்கள். அவள் அழுது, துவண்டு உட்கார்ந்துவிடுவாள். மாதக்கணக்காகியும் ஓர் அடி வைக்கவில்லை. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. இதுதான் கடைசித் தடவை, இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ள, பஸ் நின்றுவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளைப் பக்கத்து சீட் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி, லாரிக்கும் பஸ்ஸுக்குமாக நடையாய் நடந்தேன்.

ஒருவழியாக லாரி நகர்ந்தது. ஓடிவந்து படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றேன். பஸ்ஸின் நடுவழியில், இரண்டு பக்கமும் சீட் கம்பியைப் பிடித்தபடி, கால்கள் வெடவெடக்க என் மகள் வந்துகொண்டிருந்தாள்!

"லாரியப் பாக்கோணும்னு அதுவா சீட்ட விட்டு எறங்கிருச்சுங்க" என்றார் அந்த அம்மா.

விழுந்துவிடுவாளே என்று தூக்கப் பாய்ந்தேன்.

"தூக்காதீங்கப்பா! நானே போயி உக்காருவேன்" என்று கத்தினாள்.

பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. டிரைவரோ கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"ஏனுங்க, விடுங்க. கண்ணு மெதுவா உக்காரட்டும், அப்பறம் எடுக்கலாம். ஹாரன் அடிக்கறவங்க அடிச்சுக்கட்டும்" என்றார் என்னிடம்.

வழியில் இருந்த கொய்யாக் கூடையை யாரோ இழுத்துக்கொண்டார்கள். அவள் தட்டுத்தடுமாறித் திரும்பி, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துப் போய்த் தன் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போலாங்க மாமா!"

பஸ் கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பயிற்சியை நிறுத்தவில்லை. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள், மெதுவாகத்தான். அவளோடு ரோட்டைக் கடக்கும்போது யாராவது ஹாரன் அடித்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது, பிடித்து இழுக்கக் கை தானாக நீள்கிறது. அந்த டிரைவரை நினைத்துக் கையை மடக்கிக்கொள்கிறேன்.