கடைசி அத்தியாயத்தில் வருகிற அம்மா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் இன்னொன்றில் போய் நிற்பேன். சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில், ஈசூனில் நானும் என் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் தவறிய பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தேக்காவில் ஒரு பூக்கடையில் விரல் மடங்காமல் போகும்வரை பூக் கட்டினேன். தங்கைக்கு ஒரே மகள், தோ பாயோவில் இருக்கிறாள். எங்கள் ஆட்கள் இவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறப்பில் சீனப் பிள்ளை. அந்தக் காலத்தில் பெண் குழந்தை வேண்டாம் என்று கொடுத்துவிட்ட சீனக் குடும்பங்கள் இருந்தன. வாங்கி வளர்த்த தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை, பட்டறைக் குவாட்டர்ஸில்தான் குடியிருந்தோம். பிள்ளை இல்லாமல் இருந்த அம்மா என்னைத் துணியில் சுற்றின குழந்தையாக வாங்கினார். சில வருஷம் கழித்துத் தங்கை பிறந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழும் கடைத்தெரு மலாயும்தான். பூக்கடைக்குப் புதிதாக வருகிற நம் ஆட்கள் என்னைப் பார்த்ததும் மலாயில் விலை கேட்பார்கள். "எத்தன மொழம் வேணும்" என்று நான் கேட்டால் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள்.

நம் வீடுகளில் பிள்ளை அடம் பிடித்தால், உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம், திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று கேலி செய்வார்கள் இல்லையா? எங்கள் வீட்டில் அதை விளையாட்டாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் குவாட்டர்ஸ் பிள்ளைகள் என்னை நடுவில் நிறுத்தி, சீனத்தி, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க என்று ராகம் போட்டுப் பாடினார்கள். அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். சத்தம் போடவில்லை.

"தவிட்டுக்கு வாங்கினது அவள இல்ல. இதோ நிக்கிறாளே, இவள. மூத்தவ நான் பெத்தவ" என்று தங்கையைக் காட்டினார்.

தங்கை அழவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு, ஆமாம், நான்தான் தவிட்டுப் பிள்ளை என்றாள். அதிலிருந்து வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. வாங்கின பிள்ளை அவள், பெற்ற பிள்ளை நான். அவள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரிடம், என்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தவிட்டுப் பிள்ளை, திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள். அம்மா சாகும்வரை அந்தப் பேச்சை மாற்றவில்லை.

கதை படிக்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே உண்டு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் படித்த நாவலைக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். பூக்கடையிலிருந்து வரும்போது நான் எடுத்து வருவேன். யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையின் கதை என்றால் எங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கோயில் வாசலில் கிடந்த பெண், ஆற்றில் மிதந்து வந்த பையன், மந்திரக்காரி வீட்டில் வளர்ந்த ராஜகுமாரி, விடுதியில் விடப்பட்டு முதலாளி மகனைக் கட்டிக்கொள்கிறவள், எதுவானாலும் சரி. எனக்கு அதில் காதல் வேண்டும். யாருமில்லாத அந்தப் பெண்ணிடம் ஒருவன் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிற இடம் வந்தால் எனக்கு எழுத்து மறைந்துவிடும். தங்கைக்கு மந்திரம் வேண்டும். பிள்ளைக்கு ஒரு சக்தி இருக்க வேண்டும், அதை வைத்து அதுவே பிழைக்க வேண்டும். "அவன் வந்து கேக்குற வரைக்கும் அவ பட்டினியா கெடக்கணுமா" என்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அசையவே மாட்டாள். போட்டுவிட்டுப் போன தாய் கடைசி அத்தியாயத்தில் அழுதுகொண்டு திரும்பி வரக் கூடாது. வந்தால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாள். நான் சமையலறையில் நின்றுகொண்டு மீதியைப் படித்துவிடுவேன். எனக்கு அந்தத் தாய் வர வேண்டும் போலத்தான் இருக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை அவள் என்னிடம், உன்னுடைய சீன அம்மா வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு கைப்பேசியில் படிக்கப் பழகினோம். தொடர்கதைக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுதுவார்கள். ஈப்போவிலிருந்தும் மதுரையிலிருந்தும் எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். தங்கைக்குக் கதையைவிட அதில்தான் ருசி. அவள் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் தட்டுவேன். என் கருத்து என்று ஒன்றும் போட்டதில்லை. ஒரு தடவை அவள் சொன்னது இது: "வளத்தவள எதுக்கு மூணாவது அத்தியாயத்துலயே கொன்னுடுறீங்க? அவ உசிரோட இருந்தா ஒங்களால கதை எழுத முடியாதா?" அதற்கு நிறையப் பேர் இதயப் படம் போட்டார்கள். அன்று முழுக்க அவள் நடையே வேறு.

தங்கைக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பு, அப்புறம் பிளாக் நம்பர், அப்புறம் செத்துப்போனவர்கள். கதையை மட்டும் விடவில்லை. நான் எதிரே உட்கார்ந்து வாசிப்பேன். நேற்று வாசித்தது நினைவிருக்காது. ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போது கருத்து மட்டும் பளிச்சென்று வரும். இந்தப் பையன் சரியில்லை, இவனை ஓடத்தில் ஏற்றாதே என்பாள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் ஒரு பெண்ணை ஓடக்காரி ஒருத்தி எடுத்து வளர்க்கிறாள். அந்தப் பெண் தொட்டால் பட்ட மரம் பூக்கும். ஓடக்காரி சாகவில்லை, அதனால் தங்கைக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. கீழே வாசகர்கள்தான் சும்மா இருக்கவில்லை. பெற்றவள் பாவம், அவளைக் கொண்டுவாருங்கள், ஒரு தடவையாவது மகளைப் பார்க்கட்டும் என்று தினமும் கெஞ்சினார்கள். எழுதுகிறவர் இரங்கிவிட்டார். ஓடக்காரியின் குடிசை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள், யாரைத் தேடி வந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது என்று ஓர் அத்தியாயம் முடிந்தது. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு நீ" என்றாள்.

நான்தான் என்று சொல்லி எழுந்து கிட்டே போனேன். அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "நான் வர மாட்டேன். அக்கா, இங்க ஒரு சீனத்தி வந்து நிக்கிறா. என்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. அக்கா, எங்க இருக்க?"

என்னைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பிறகுதான் புரிந்தது. வாங்கின பிள்ளை தான்தான் என்று அம்மா சொன்னது ஒன்றுதான் அவள் தலையில் மிச்சம் இருக்கிறது. வாங்கினது சீன வீட்டிலிருந்து என்பதும் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. கொடுத்தவள் திரும்ப வந்துவிட்டாள் என்று பயப்படுகிறாள்.

அம்மா மாதிரி பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அவளுக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று இன்னும் அலறினாள். ஒரு நாள் நான் குளிக்கப் போன நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு காரிடாரில் ஓடிவிட்டாள். கடைசி வீட்டு மலாய்க்கார அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டார். என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அவரிடம் அழுதாளாம்.

அன்று சாயங்காலம் தங்கை மகள் வந்தாள். அவளும் பாவம்தான். வேலைக்குப் போகும் முன்பு வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள், வேலை முடிந்து மறுபடி வருகிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பெரியம்மா, என் லீவு எல்லாம் முடிஞ்சிருச்சு லா. இந்த மாசம் பாப்போம். அம்மா திரும்பவும் ஓடினாங்கன்னா நர்சிங் ஹோம்தான், எனக்கு வேற வழி தெரியல."

நான் அவளிடம், நான் வேண்டுமானால் போய்விடுகிறேன், உன் அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்து, நீங்க போனா அவங்களுக்குச் சோறு யார் போடுவா என்று கேட்டாள்.

ஒன்றைக் கவனித்தேன். சமையலறை வாசலில் ஒரு திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால் இருந்து நான் பேசினால் தங்கை பயப்படுவதில்லை. அந்தக் குரலுக்கு அக்கா என்றுதான் பதில் சொல்கிறாள். அதனால் நான் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். அவள் அறையில் இருக்கும்போது சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்து, தட்டு வச்சிருக்கேன், சாப்பிடு என்று உள்ளே இருந்து சொல்வேன். கதையையும் தரையில் உட்கார்ந்து அங்கிருந்தேதான் வாசிக்கிறேன்.

ஆனால் கதையில் அந்தப் பெண் இன்னும் வாசலில் நிற்கிறாள். அவளைப் பற்றி வாசித்தாலே தங்கை நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற சத்தம் கேட்கும். அப்போதுதான் நான் முதல் முறையாக என் கருத்தை எழுதினேன். தயவுசெய்து அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பிள்ளை ஓடக்காரியிடமே இருக்கட்டும், கும்பிட்டுக் கேட்கிறேன் என்று தட்டினேன். உங்களுக்கெல்லாம் இதயம் கல்லா என்று ஒருவர் எழுதினார். இவர் யாரையோ போட்டுவிட்டு வந்தவர் போலிருக்கிறது என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புப் படங்கள். அடுத்த அத்தியாயத்தில் பெற்றவள் மகளைக் கட்டிப்பிடித்து, மலைக்கு மேல் இருக்கிற மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வழியெல்லாம் மரம் பூத்ததாம். கீழே எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட முடிவுதான். என்னால் வாசிக்க முடியவில்லை.

கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நானே சொன்னேன். வந்தவள் தின்ன ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். ஓடக்காரி அவளை அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். பிள்ளை கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. எனக்கு இட்டுக்கட்டத் தெரியாது, ஓடம், தண்ணீர் என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நாற்காலிச் சத்தம் கேட்கவில்லை.

"அவ போயிட்டாளா" என்று தங்கை கேட்டாள்.

"போயிட்டா."

"நீ பாத்தியா?"

"நான்தான் கதவச் சாத்தினேன்."

கதை நன்றாக இருக்கிறது, அந்தப் பையனைக் கொண்டுவராமல் விட்டது நல்லது என்று கருத்துச் சொன்னாள். பிறகு, "அப்பறம் ஏன் உள்ளயே ஒளிஞ்சிருக்க? வெளிய வா அக்கா" என்றாள்.

திரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். விலக்கினால் அவள் பார்க்கப்போவது இந்த முகத்தைத்தான். உலை கொதிக்கிறது, இதோ வருகிறேன் என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி சொன்னேன். அப்புறம் துணிந்து, திரைக்குள் இருந்தே உண்மையைச் சொன்னேன்.

"வாங்கின பிள்ள நீ இல்லடீ. நான்தான். ஒன்ன யாரும் கூட்டிட்டுப் போக வர மாட்டாங்க."

"சும்மா சொல்லாத. அம்மா சொன்னாங்களே" என்றாள்.

மகள் வந்தபோது நான் தரையில்தான் இருந்தேன். திரையை விலக்கி, எத்தனை நாளைக்கு இப்படி, பெரியம்மா என்று மெதுவாகக் கேட்டாள். மாசம் இன்னும் முடியவில்லை. தினமும் அந்தப் பெண்ணை அக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தினமும் தங்கை என்னை வெளியே வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

இதைப் படிக்கிறவர்களில், செம்பவாங் பட்டறைக் குவாட்டர்ஸில் அந்த நாளில் இருந்தவர்கள் யாராவது இருக்கலாம். தண்ணீர்க் குழாய்க்கு எதிர் வரிசை, எங்கள் வீடு கடைசியிலிருந்து இரண்டாவது என்று நினைக்கிறேன், மூன்றாவதாகவும் இருக்கலாம். அம்மா என்னைக் கையில் வாங்கினதைப் பார்த்தவர்களோ, பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களோ இருந்தால், நான் எழுதினது சரிதானா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எனக்காக நிஜமாகவே தவிடு கொடுத்தார்களா, இல்லை வேறு ஏதாவதா, அதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு எழுதுவதைவிட, ஈசூனுக்கு நேரில் வந்து தங்கையிடம் சொன்னால் நல்லது. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.