ஒன்பதாம் பாகத்தில் விரல் அசையவில்லை

வலைத்தொப்பிக்காரன் படத்தின் ஒன்பதாம் பாகம் தருமபுரிக்கு வருகிறது என்று போஸ்டரில் பார்த்ததும், பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே என் மனைவிக்குப் போன் போட்டேன். அவள் கம்பைநல்லூரில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். போய் ஐந்து மாதம். நான் இண்டூரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். எத்தனை முறை கூப்பிட்டாலும் "பாக்கலாங்க" என்பதைத் தாண்டி அவள் ஒன்றும் சொன்னதில்லை. அன்று மட்டும், "நெசமாவா? ஒம்பதாவது வந்துருச்சா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படியாவது இந்தப் படத்தைக் காட்டி, அப்படியே வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியை அழைத்துவரப் பெரியவர்களைக் கூட்டிப் போவார்கள், புடவை எடுத்துப் போவார்கள். நான் ஒரு கொலைகாரனை நம்பினேன். கல்யாணமான புதிதில் மூன்றாம் பாகத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தோம். அன்று பிடித்த பைத்தியம். தேன் எடுப்பவர்கள் போடுகிற வலைத்தொப்பி, கையில் ஒரு கொக்கி. வருவான், கொல்வான், ஒரு வார்த்தை பேசமாட்டான். அவள் சொந்தத்தில் ஒரு சித்தப்பா விசேஷ வீடுகளில் இப்படித்தான் யாரிடமும் பேசாமல் நடமாடுவாராம். அதனால் எங்களுக்குள் அவன் பெயரே சித்தப்பா. "ஐயோ, பின்னாடி சித்தப்பா நிக்கறாரு, ஓடுடி!" என்று அவள் கத்தினால் முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அவனை வெட்டுவார்கள், எரிப்பார்கள், ஆற்றில் தள்ளுவார்கள். திரையில் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தபின் அவனுடைய சுண்டுவிரல் ஒருமுறை அசையும். கூட்டம் கலைந்தபிறகும் அந்த விரலுக்காக நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்போம். அசைந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து வருவோம்.

எட்டாம் பாகம் பார்த்த சமயத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். எட்டு மாதம் ஆகியிருந்தபோது ஒருநாள் மதியம், "என்னங்க, காலைல இருந்து அசைவே தெரியலீங்க" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "தூங்குதா இருக்கும். இரு புள்ள, அசையும்" என்றேன். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோயிருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா என்று அங்கே யாரோ சொன்னார்கள். யார் என்றுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை. அவள் எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அப்படி ஒரு கோழை நான். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கிளம்பிப் போனாள்.

படத்துக்குப் போன அன்று காலையில் வீட்டைக் கூட்டித் துடைத்தேன். பால் வாங்கிக் காய்ச்சி வைத்தேன். அவள் தலையணைக்கு உறை மாற்றினேன். மதியக் காட்சிக்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஒரு சின்னப் பை மட்டும். மாற்றுத்துணி இருக்குமா என்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். "எளச்சுட்டீங்க" என்றாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

படமா அது? கருமம். முதல் பாகத்திலிருந்து தப்பித்துத் தப்பித்து வந்த கதாநாயகியை வந்த பத்தாவது நிமிஷத்தில் கொன்றுவிட்டார்கள். எட்டுப் படம் மழையிலும் காட்டிலும் துரத்தியவன் இதில் ஒரு பெரிய கடைக்குள் வழி தெரியாமல் சுற்றுகிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இடைவேளை முடிந்து சித்தப்பா தொப்பியைக் கழற்றினான். உள்ளே சாதாரண மனுஷ முகம். வாயைத் திறந்து, "எங்கம்மா என்னைக் கையில தூக்கவே இல்ல" என்று டப்பிங் குரலில் அழுதான். முன்னாலிருந்தவர்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்று முழுக்க அவள் ஒருமுறைகூடக் கத்தவில்லை. நாசமாப் போறவனுங்களா, உங்களை யாருடா அவனைப் பேச வைக்கச் சொன்னது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

முடிவில் அவனை எரித்தார்கள். விளக்குகள் போட்டுவிட்டார்கள், பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கூட்டம் திட்டிக்கொண்டே வெளியே போனது. அவளும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தால் நேரே பஸ் ஸ்டாண்டுதான், எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பட்டது. பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"இரு புள்ள, அசையும்" என்றேன்.

சொன்னபிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் கடைசிப் பெயரும் போய் வெறுமையானது. விரல் வரவில்லை. துடைப்பத்தோடு வந்த தியேட்டர் கூட்டுகிற அம்மா, "எந்திரிங்க, அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டணும்" என்றார்.

"அதே வார்த்த" என்றாள் என் மனைவி. "எட்டுப் படமா பேசாதவனே இன்னிக்கி வாயத் தொறந்துட்டான். நீங்க எப்பத்தாங்க தொறப்பீங்க?"

"நாந்தான் கொன்னுட்டேன்" என்றேன். "அன்னிக்கே உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும். இருன்னு சொல்லிச் சொல்லி நாந்தான் கொன்னுட்டேன்." அந்த அம்மா துடைப்பத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. திரும்ப உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னதுக்காகவா நான் இருந்தேன்? எனக்கும் அசையும்னுதாங்க தோணுச்சு. பெத்தவ எனக்கே தெரியல" என்றாள். "அதச் சொல்லி அழ எனக்கு ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு. நீங்க சட்டையப் போட்டுட்டுப் போயிட்டீங்க."

என் தப்பு என்று நான் சுமந்துகொண்டு திரிந்ததையே அவளும் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஒரே வீட்டில் ஆறு மாதம்.

பஸ் ஸ்டாண்டில் கம்பைநல்லூர் பஸ் நின்றிருந்தது. "பால் காச்சி வெச்சிருக்கேன்" என்றேன், பைத்தியக்காரனைப் போல. "இன்னிக்கி அம்மா வூட்டுக்குத்தான் போறேன்" என்று ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாக, "நாளைக்கிப் போன் பண்ணுங்க. படத்தப் பத்திப் பேசாதீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் போன் பண்ணினேன். அவள் எடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவளும் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.