பின்சீட் இல்லாத கார்

கிரீஸ் அப்பிய கையோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்தப் பதிவை எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் ஷெட்டில், நூல் மூட்டைகளுக்கு அடியில், ஒரு பழைய வெளிநாட்டு ரேஸ் கார்! நான் படத்தில் மட்டுமே பார்த்தது. முகப்பில் போன ஆயுத பூஜைச் சந்தனம்.

"எங்கய்யன் வாங்குனதுங்க. ஒத்தை சீட்டு. ஊட்டுக்காரியக் கூட்டீட்டு ஒரு விசேசத்துக்குப் போக முடியுங்களா?"

பானெட்டைத் திறந்தேன். உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"என்ஜின் எங்கீங்க?"

"தோட்டத்துக் கெணத்துப் பம்புல பூட்டிப்போட்டனுங்க. கரண்டு இல்லாட்டியும், ஒரு பீடி புடிச்சு முடிக்கறதுக்குள்ள தொட்டி நெம்பீருமுங்க."

போய்ப் பார்த்தேன். பொய்யில்லை. தொட்டி நிரம்பி, தண்ணீர் தென்னந்தோப்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. ரேஸில் ஜெயித்தது தென்னை.

உங்கள் ஊர்க் கிணறுகளையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், ஏதாவது விமானம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கப் போகிறது.