சவரிமுத்துவின் மனுவும் என் குறிப்பும்

சவரிமுத்து இறந்துவிட்டான் என்று எனக்குச் சொன்னவர், அவன் வேலை பார்த்த பள்ளியின் பியூன். காலை பத்தரை மணி இருக்கும். அலுவலகத்தில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தேன். அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "நம்ம சவரிமுத்து சார் தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாராம். பாப்பாரப்பட்டியிலிருந்து கார் வெச்சுக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

மறுநாள் பூசையும் அடக்கமும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் வந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்குள் இருந்ததே என்ற வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். பள்ளி மலருக்கு அவனைப் பற்றி இரண்டு பக்கம் கேட்ட தலைமையாசிரியர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

உங்களில் பலருக்கு அவன் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்கியவன், அமிலப் புட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டியவன். அவன் தடய அறிவியல் பட்டதாரி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் தருமபுரியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் வீட்டில் கேழ்வரகு விவசாயம். எங்களுக்கு இண்டூரில் கொஞ்சம் நிலம். நான் சேலத்தில் வேதியியல் சேர்ந்தேன். பங்குச் சாமியாரின் முயற்சியால் அவனுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ரத்தக்கறை, தலைமுடி, மண், கையெழுத்து என்று அவன் படிப்பதையெல்லாம் கடிதத்தில் எழுதுவான். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் புதிதாகப் பிரிந்த பிறகு தடயங்களைச் சோதிக்க இங்கே ஒரு சிறு பிரிவு தொடங்கினார்கள். உதவியாளர் பதவி ஒன்று. இருவரும் விண்ணப்பித்தோம். வேதியியல் அல்லது இயற்பியல் பட்டம் வேண்டும் என்று விளம்பரம் சொன்னது. இந்த வேலைக்கென்றே ஏற்பட்ட படிப்பைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நேர்முகத் தேர்வில் அதிகாரி அவன் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, பட்டியலில் இல்லாத பட்டத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். என்னிடம் கேட்டவற்றில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றே முடிவு சொன்னார்கள்; வேலை எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்து ரோட்டோரம் நின்றபோது அவன் சொன்னது இதுதான்: "உனக்காச்சும் கெடச்சுதே. நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் உள்ள இருக்கான்ல, அது போதும்." அதில் கசப்பு ஒளிந்திருக்கிறதா என்று வெகுநாள் தேடிப் பார்த்தேன். இல்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் மாரண்டஹள்ளி வழக்கு வந்தது. காய்கறி மண்டிக்குப் பின்னால் ஒருவரைக் குத்திக் கொன்றிருந்தார்கள். அவரோடு முன்தினம் சண்டை போட்ட மூட்டை தூக்குபவரைப் பிடித்திருந்தார்கள். அவருடைய துண்டில் பழுப்பேறிய சிவப்புக் கறை. நான் பென்சிடின் சோதனை செய்தேன். நீல நிறம் வந்தது. ரத்தம் என்று எழுதத் தயாராகிவிட்டேன். மாலையில் சவரிமுத்துவோடு நடந்து வந்தபோது பெருமையாகச் சொன்னேன். அவன் கேட்டான்: "அவரு என்ன மூட்ட தூக்குறவரு?" பெரும்பாலும் பீட்ரூட், முள்ளங்கி என்றேன். அவன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

"அதுங்களோட சாறுக்கும் அதே நீலம் வருமேப்பா. ரத்தமா இருக்கலாம்னுதான் அந்தச் சோதனை சொல்லும், ரத்தம்னு சொல்லாது. நீ எழுதப்போறது ஒரு ஆளோட உயிரு."

அடுத்து என்ன சோதனை செய்ய வேண்டும், ரத்தமானால் நுண்ணோக்கியில் படிகம் எப்படித் தெரியும் என்று காகிதத்தில் வரைந்து கொடுத்தான். மறுநாள் திரும்பத் திரும்பச் செய்தேன். படிகம் உருவாகவே இல்லை. கறையில் ரத்தம் இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்று அறிக்கை போனது, அவரை விட்டுவிட்டார்கள். கொன்றவன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நான் சவரிமுத்துவின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகும் சிக்கலான வழக்கு வரும்போதெல்லாம் அவனிடம்தான் போனேன். பல வருடம் அப்படியே ஓடியது.

நான் அந்தப் பிரிவின் பொறுப்பாளரான பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. தடய அறிவியல் பட்டத்தையும் தகுதியாகச் சேர்க்கக் கோரி ஒரு மனு வந்திருப்பதாகவும், என் கருத்தைத் தெரிவிக்கும்படியும் கேட்டிருந்தார்கள். மனு கொடுத்தவர் பெயரைப் பார்த்தேன்: சவரிமுத்து. இணைப்பைப் புரட்டவில்லை. அந்தப் பட்டம் தகுதியானால் அடுத்த பதவி உயர்வு எனக்கு இல்லை, நாளை நான் அவனுக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கும் என்ற ஒரே எண்ணம். "தற்போதுள்ள தகுதிகளே போதுமானவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சில வாரம் கழித்து அவன் என் அலுவலகத்துக்கு வந்தான். மனு பற்றி ஏதாவது வந்ததா என்று கேட்டான். ஒன்றும் வரவில்லையே என்றேன். "வந்தா உன்னைத்தான் கேப்பாங்க. பாத்து எழுதுப்பா" என்றான். சரி என்று தலையாட்டினேன். பிறகு பார்க்கும்போதெல்லாம் அவன் கேட்டான், நான் அதே பதிலைச் சொன்னேன். கடைசியில் அவன் வரும் வழியைத் தவிர்க்கத் தொடங்கினேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ரெஜினா ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து கொடுத்தார். "இதெல்லாம் எனக்குப் புரியாதுங்கண்ணா. வூட்டுல சும்மா கெடக்கறதுக்கு நீங்களே வெச்சுக்கங்க. அவரு எப்பவும், 'அவன் உள்ள இருக்கான், பாத்துக்குவான்'னு சொல்லுவாருங்க."

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். மேலாக இருந்தது நான் புரட்டாமல் விட்ட அந்த மனுவின் கார்பன் நகல். அதில் எழுதியிருந்தான்: "எனக்கு வயது வரம்பு கடந்துவிட்டது. எனக்காக இதைக் கேட்கவில்லை. இந்தப் படிப்பை முடித்து வருபவர்களை வாசலோடு திருப்பி அனுப்பாமல், மற்றவர்களோடு சமமாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் போதும். இப்போது பணியில் இருப்பவர்கள் அனுபவத்தால் கற்றவர்கள். புதிதாக வருபவர்களால் அவர்களுடைய பதவி உயர்வு எந்த வகையிலும் பாதிக்கப்படாதபடி விதி அமைய வேண்டும்."

என் பழைய குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், எந்தக் காரணத்தால் அப்படி எழுதினேன் என்றும் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. இந்த மாவட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் அதே படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒருவர் ஓசூர்ப் பக்கம் கணக்கு எழுதுகிறாராம்.

சவரிமுத்துவின் காகிதங்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது அந்த நகல் ஒன்றைத்தான். அதன் கடைசி வரியில் அவன் காப்பாற்றச் சொன்னது என் வேலையை. அதைப் படிக்கும் வேறு யாராலும் அந்த வரியில் என் பெயரைக் காண முடியாது. என்னால் மட்டும்தான் காண முடியும்.