வாசலில் செருகிய வேப்பிலை

எனக்குப் பொய் சொல்ல வராது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம், ஆடி மாதத்தில், அந்தப் பீற்றலுக்கு ஒரு முடிவு வந்தது.

ராயபுரத்தில் எட்டுக் குடித்தனம் வரிசையாக இருந்த லைன் வீட்டில் எங்களுடையது கடைசி. எட்டுக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூஸ். என் எட்டு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், விடாத இருமல். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்து, மறுநாள் பன்றிக் காய்ச்சலேதான் என்றார்கள். மாத்திரை கொடுத்த டாக்டர், "வீட்டுலயே தனியா வைங்க. வயசானவங்க, கர்ப்பிணிங்க, மூச்சிழுப்பு இருக்கறவங்க கிட்டயே வரக் கூடாது" என்றார்.

பத்துக்குப் பத்து அறையில் தனியாக எங்கே வைப்பது? அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. பக்கத்துத் தெருவில் இதே காய்ச்சல் வந்த குடும்பத்தைக் குழாயடிக்கே வரவிடவில்லை. நாலாம் நாள் ஹவுஸ் ஓனர் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த என் கணவர் எங்களை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். யோசனை என்னுடையதுதான். குழாயடி வேப்பமரத்தில் எல்லோரும் பார்க்க ஒரு கொத்து ஒடித்து வாசலில் செருகினேன். கேட்டவர்களிடம் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றேன்.

அம்மைக்கு இருக்கும் மரியாதையே தனி. யாரும் உள்ளே வரவில்லை. வாசலுக்கு இளநீர் வந்தது. அம்மை வீட்டுப் பக்கத்தில் தாளிக்கக் கூடாதென்று ஏழு வீட்டிலும் தாளிப்பை, மீன் வறுவலை நிறுத்திவிட்டார்கள். ஆடி மாதத்தில் அம்மன் பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று உள்ளூர உதறல்தான். கெட்டிக்காரி என்ற நினைப்பும் கூடவே இருந்தது, மறைப்பானேன்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். அம்மை வந்து போனவர்கள் அம்மை வீட்டுக்குப் பயப்பட மாட்டார்கள்.

இரண்டாம் நாள் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினால், பக்கத்து வீட்டு அக்கா என் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. மழைக்காலம் வந்தால் இழுப்பில் கிடந்து தவிப்பாள். எத்தனையோ முறை நான்தான் அவள் முதுகைத் தடவி விட்டிருக்கிறேன்.

"எனுக்கு சின்ன வயசுலயே வந்து போச்சுடி. இனிமே வராது. நா பாத்துக்கிறேன், நீ ரவ தூங்கு."

மகள் அவள் முகத்துக்கு நேராக இருமினாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் வந்தது வேறு.

"அக்கா, கவுச்சியோட அம்மை வூட்டுக்குள்ள வரலாமா? ஆத்தா கோச்சுக்கும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. தன் கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டு எழுந்து போனாள். எப்படியோ அவள் தப்பித்தாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை திரும்பவும் வந்து நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள். ஈரக் கூந்தல், முகத்தில் மஞ்சள்.

"மீனுக்குப் போவலடி. கொயந்தைக்கு நல்லாவுற வரிக்கும் கூடைய தொட மாட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு இழுத்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "மொதல்லயே என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

குழாயடியில் இதோ வெடிக்கப்போகிறது என்று கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். யாரோ, "கொயந்தை எப்டி கீது?" என்றார்கள். அக்கா சொன்னாள்: "எறங்கிகினு கீது. நீங்க யாரும் உள்ள போவாதீங்க."

மகள் தேறினாள். என் காது மட்டும் நடுச்சுவரிலேயே கிடந்தது. நான் உண்மையைச் சொன்ன மூன்றாம் நாள் காலை அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஓடினேன். அக்காவின் கதவு சாத்தியிருந்தது. நிலையில் வேப்பிலை.

என் பொய்யைக் காப்பாற்றத் தானும் அதையே செருகிக்கொண்டு உள்ளே தனியாகக் கிடக்கிறாள். கதவைத் தள்ளினேன். உதடு நீலம் பாய்ந்து, சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வேப்பிலையைப் பிய்த்து எறிந்தேன்.

"அம்மை இல்ல! எங்க வூட்லயும் அம்மை இல்ல, பன்னிக் காச்சலு! ஒரு ஆட்டோ கூப்புடுங்க!"

ஆட்டோ வந்தது. தூக்க ஒருத்தரும் வரவில்லை. என் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினேன். மூச்சுக்கு நடுவே அக்கா என்னைத் திட்டினாள்: "இன்னாத்துக்குடி சொன்ன? ஓனரு காலி பண்ண சொல்லுவாரு."

அப்படியே சொன்னார். திருவொற்றியூரில் வேறு வீடு பார்த்து, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த அன்று வாசலில் நிழல் தட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆளே பாதியாகியிருந்தாள். கையில் ஒரு பை, அதில் எங்களுக்காக வாங்கிய சங்கரா மீன். படி ஏறாமல் வெளியிலேயே நின்றாள்.

"கவுச்சியோடதான் வந்துகீறேன். உள்ள வரலாமாடி?"