விளிம்பில் ஒரு பெயர்

"புளி போட்டு வெளக்குனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாகலக்ஷ்மி ஆள் யாரென்று நிமிர்ந்து பார்க்கிறார். வந்தவர் கையில் ஒரு பதக்கம் இருக்கும். அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ, ஏதோ ஒரு போரில் கிடைத்தது. "ஆமாங்க, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..." என்று அவர் இழுப்பார். நாகலக்ஷ்மி நெற்றியில் ஒருமுறை தட்டிக்கொள்வார். "இனிமே வெளக்காதீங்க. அதென்ன பித்தாள அண்டாவா?"

மதுரை ஆனையூரில், ஒரு மாடியில் இருக்கிறது அவருடைய பல் செட் செய்யும் கூடம். ஐம்பத்தாறு வயது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் வடிவம் பிடித்து, உலோகத்தை உருக்கி வார்த்து, பல் கட்டித் திருப்பி அனுப்புவார். ஜன்னலோரம் மாவில் வார்த்த வெள்ளைத் தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் பெயர். "இது டீச்சரம்மா. இது கறிக்கடைக்காரரு, கடவாயே போச்சு பாவம்" என்று உறவினரை அறிமுகப்படுத்துவதுபோல் சொல்வார். என் மாமனாரின் தாடையும் அந்த வரிசையில் சில வாரம் இருந்தது. அப்படித்தான் எனக்கு இவர் பழக்கம்.

பதக்கம் பார்க்கும் வேலை இவருக்கு ஒரு தவறில் தொடங்கியது. இருபது வருடங்களுக்கு முன்னால், பல் செட்டுக்கு வந்த ஓய்வுபெற்ற சுபேதார் பிச்சுமணி, தம் ஐந்து பதக்கங்களையும் கொடுத்துக் கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னார். பல்லுக்குப் பளபளப்பு ஏற்றும் இயந்திரத்தில் இவரும் ஆசையாய்ப் பிடித்துக் கொடுத்துவிட்டார். விளிம்பில் பொறித்திருந்த பெயரும் நம்பரும் பாதிக்குமேல் அழிந்துபோயின. பதக்கத்தின் உயிரே அந்த விளிம்பில்தான் இருக்கிறது என்பது அப்போது இவருக்குத் தெரியாது. தெரிந்த அன்று அழுதிருக்கிறார்.

பிச்சுமணி கோபப்படவில்லை. அடுத்த வாரம், நண்பர்கள் மூவரின் பதக்கங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுல எது நெசம், எது கடையில வாங்குனதுன்னு பாத்துச் சொல்லும்மா. தொடைக்க மட்டும் செய்யாத" என்றார்.

"அன்னைக்கு அந்த மனுசன் திட்டிட்டுப் போயிருந்தா, நான் பல்லோட நின்னுருப்பேன்" என்கிறார் நாகலக்ஷ்மி. பிச்சுமணி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவர் கைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன.

உலோகம் வார்க்கிறவர் என்பதால் போலியை இவர் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார். அசல் பதக்கம் அச்சில் ஓங்கி அடித்தது. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். போலியை அசலிலிருந்து அச்செடுத்து வார்ப்பார்கள். ஆறும்போது உலோகம் துளி சுருங்கும், ஊசிமுனை அளவுக்குக் குமிழிப் பள்ளங்கள் விழும். "இந்தப் பள்ளத்தோட நான் தெனமும் மல்லுக்கட்டுறேன். எனக்குத் தெரியாதா?" விளிம்பெழுத்தைப் படிக்க இவருக்கென்று ஒரு வழி உண்டு. பல் செட்டுக்கான ரோஸ் மெழுகுத் தகட்டை விளக்கில் லேசாக வாட்டி, அதன்மேல் பதக்கத்தைச் சக்கரம்போல் உருட்டுவார். எழுத்துகள் இடம்வலம் மாறிப் புடைத்து எழும். பல் டாக்டர்கள் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை அருகில் பிடித்தால் நேராகத் தெரியும்.

என்ன விலை பெறும் என்பதையும் சொல்வார். தனக்கென்று ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. "வாங்குறவ வெல சொன்னா அது வெலையா இருக்காது" என்பது அவர் நியாயம்.

ஆறு மாதத்துக்கு முன்பு நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். குத்தகை விவசாயி பால்பாண்டி, அவருடைய அக்கா ராமக்காள், பால்பாண்டியின் மகளான பள்ளி ஆசிரியை பவதாரிணி. ராமக்காளின் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பழுப்பு வட்டு வெளியே வந்தது. தொங்கவிடும் கொக்கி போய், துளையிட்டுக் கறுப்புக் கயிறு கோத்திருந்தது. வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதன் கழுத்தில் அதைத்தான் கட்டுவார்களாம். வருடா வருடம் பொங்கலுக்குப் புளி வைத்துத் தேய்த்ததில், அதிலிருந்த இங்கிலாந்து ராஜாவின் முகம் வழுக்கையாகிவிட்டது. மறுபக்கத்துக் குதிரை ஆட்டுக்குட்டியாகியிருந்தது.

முதல் உலகப் போருக்குக் கப்பலேறிப் போன தங்கள் தாத்தா சிவனாண்டியின் பதக்கம் அது என்றார் பால்பாண்டி. ஊரிலிருந்து போருக்குப் போனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்கப்போகிறார்கள். பட்டியல் போடுகிறவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் சிவபாண்டி. இந்தப் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "அந்தச் சண்டைக்குக் குடுத்தது வெள்ளி மெடல். இது வெங்கலம், டூப்ளிகேட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"நெலம் இல்லாத வீட்டுல பட்டாளத்துக்காரன் எங்கிட்டு இருந்து வந்தான்னு டீக்கடையில சிரிக்கிறாய்ங்க மேடம்" என்றார் பவதாரிணி. "பொய்யுன்னா பொய்யுன்னு சொல்லிருங்க. நாங்க வெளியில பேச மாட்டோம்."

நாகலக்ஷ்மி அளவுகோலால் குறுக்களவு எடுத்தார். சரியாக முப்பத்தாறு மில்லிமீட்டர், அசலின் அளவு. லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இது வார்த்ததில்ல. அச்சுல அடிச்சது. ஒங்க தாத்தா அங்க என்ன வேல பாத்தாரு?"

பால்பாண்டி தயங்கினார். "மூட்ட தூக்குனாருன்னு சொல்வாங்க."

"அதைச் சொல்றதுக்கு ஏண்ணே தயங்குறீக? துப்பாக்கி பிடிச்சவுகளுக்கு வெள்ளி. மூட்ட தூக்கி, ரோடு போட்ட கூலியாள் படைக்கு வெங்கலம். வெள்ளி லட்சக்கணக்குல இருக்கு. இது ரொம்பக் கொறைச்சல்."

பவதாரிணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பெயர் வேண்டுமே. நாகலக்ஷ்மி பதக்கத்தை மெழுகில் உருட்டினார். நம்பர் முழுசாக விழுந்தது. பெயரின் முன்பாதி தேய்ந்து, கடைசியில் 'ஆண்டி' என்பதற்கான நாலு இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் நின்றன. நாகலக்ஷ்மி உதட்டைப் பிதுக்கினார்.

"விருமாண்டி, பேயாண்டி, சிவனாண்டி, எல்லாம் ஆண்டிதான். இங்கிலீஷ்ல எழுதுனா பால்பாண்டிகூட ஆண்டியிலதான் முடியுது. இத வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது."

ராமக்காளின் முகம் வாடிவிட்டது. நாகலக்ஷ்மி அதைப் பார்த்தார். பல்லின் மயிரிழைப் பிளவுக்குள்ளும் இறங்கி அளவெடுக்கும் மெல்லிய பசை ஒன்று உண்டு. விலை அதிகம், டாக்டர்களுக்கே எண்ணித்தான் தருவார். அதைப் பிதுக்கி விளிம்பில் தடவி, இறுகும்வரை காத்திருந்து, உரித்தெடுத்து விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, குட்டிக் கண்ணாடியைப் பிடித்தபடி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"எஸ்ஸு... ஈ... வி..." என்றவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். "எழுதுனவன் காதுல செவனாண்டின்னு விழுந்துருக்கு. சிவனாண்டிதாண்ணே!"

பால்பாண்டி நாற்காலியிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கும்பிடப் போன கைகளை நாகலக்ஷ்மி தடுத்தார். "இருங்கண்ணே, வேல முடியல." அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: அச்சில் அடித்த அசல், கூலியாள் படைக்கான வெண்கலம், நம்பர் இது, பெயர் படித்தவரை இது, தேய்மானம் அதிகம் என்பதால் சேகரிப்பாளரிடம் நல்ல நிலையில் உள்ளதற்குக் கிடைக்கும் விலையில் கால் பங்குதான் போகும்.

"விக்கிறதுக்கில்லைங்க" என்றார் பவதாரிணி.

"தெரியும். ஆனா எவனாச்சும் பழைய பாத்திர வெலைக்குக் கேட்டு வருவான். அவன்கிட்டக் காட்டத்தான்."

நான்காம் நாள், அந்தத் தாளைப் படித்துவிட்டு ஹவில்தார் சிவபாண்டியே நாகலக்ஷ்மியைப் போனில் கூப்பிட்டார். "இருபத்தெட்டு வருசம் பட்டாளத்துல இருந்தேன்மா. மூட்ட தூக்குனவனுக்கு வெங்கலம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றவர், அன்று மாலையே பால்பாண்டி வீட்டுக்குத் தானே போய், கல்லில் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

சென்ற மாதம், கல் திறந்த மறுநாள், மூவரும் மறுபடி மாடியேறி வந்தார்கள். பால்பாண்டியின் தோளில் ஒரு சாக்கு நிலக்கடலை. "ஒங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல தாயி" என்றார். "வந்து சொல்றீகளே, அது போதாதாண்ணே" என்ற நாகலக்ஷ்மி, கடலையை உடனே உடைத்துத் தின்ன ஆரம்பித்தார்.

ராமக்காள்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதக்கத்தை நீட்டினார். "நான் பள்ளிக்கூடம் போனதில்ல தாயி. எங்க தாத்தா பேரு இதுல எங்கன ஆரம்பிக்குது?"

நாகலக்ஷ்மி விளக்கடியில் பதக்கத்தை மெல்லத் திருப்பினார். தேய்ந்துபோன இடம்தான், ஆனாலும் அவருக்குத் தெரியும். ராமக்காளின் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தை அங்கே வைத்தார். "இங்கன. இங்கிருந்து இப்படியே வலப்பக்கமாப் போகுது."

ராமக்காள் அதன்பின் அந்த விரலை எடுக்கவில்லை. கிளம்பும்போதும் இடம் தவறிவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் பதக்கத்தை அப்படியே பிடித்திருந்தார். படியில் இறங்கக் கைப்பிடியைப் பற்ற ஒரு கையும் மிச்சமில்லை. நாகலக்ஷ்மி எழுந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கூடவே இறங்கினார்.